மெருகு ஏன் வெள்ளை பூக்கிறது? அம்பைக் கடைசல் முதல் கிதார் வரை ஒரு குறிப்பு

கையால் கிதார் செய்பவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் வரும் துக்கம் இது. மரத்தை இழைத்து, வளைத்து, ஒட்டி, மாதக்கணக்கில் வேலை பார்த்து முடித்தாயிற்று. கடைசியாக மெருகு ஏற்றுகிறார்கள். ராத்திரி பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் மேலே பால் தெளித்தது போல ஒரு மூட்டம். பட்டறைப் பேச்சில் "வெள்ளை பூத்துப்போச்சு" என்பார்கள். உப்புச் சுவர் பூப்பது போல மெருகும் பூக்கிறது.

உடனே பழி யார்மேல் விழும்? போட்டவர் மேல்தான். "கை சரியில்லை, சரக்கு மட்டம், அவசரப்பட்டுட்டான்." பல சமயம் இந்த மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. வெள்ளை பூப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மரத்துக்கு மெருகு போடுகிற முறை கடந்த சில நூற்றாண்டுகளில் மூன்று தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் தனக்கென்று ஒரு மூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. எந்தக் காலத்து மெருகு என்று தெரிந்தால் மூட்டத்தின் காரணமும் பாதி தெரிந்துவிடும். அது தெரியாமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பவர்கள்தான் பழைய வாத்தியங்களைக் கெடுக்கிறார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

கோரைக்குத் தண்ணீர் வேண்டும், அரக்குக்கு ஆகாது

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக ஊர்கள். தாமிரபரணியும் அதன் கால்வாய்களும் கூடவே வருகின்றன. இந்தச் சாலையில் இரண்டு கைத்தொழில்கள் பேர் பெற்றவை. ஒன்று பத்தமடைப் பாய். இன்னொன்று அம்பையின் மரச் சொப்புச் சாமான்.

பத்தமடைப் பாயை எல்லாருக்கும் தெரியும். ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, வெயிலில் காயவைத்து, கிழித்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். நூல் பாவில் நெய்த மெல்லிய பட்டுப்பாய் பட்டுத்துணி மாதிரியே மடங்கும். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பேரையே நெய்து கொடுப்பதும் உண்டு.

மெருகைப் பற்றிப் பேசும்போது பாய் எதற்கு? தண்ணீரை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே துரத்துவது என்ற கணக்குதான் அந்தத் தொழிலின் பாதி. ஊறாத கோரை ஒடியும். காயாத கோரை பூசணம் பிடிக்கும். அதே ஆற்றங்கரையில் சில ஊர் தள்ளி உட்கார்ந்து மரம் கடைகிறவருக்கும் அதே காற்று, அதே ஈரம்தான். அவர் கணக்கு மட்டும் வேறு. அவருக்கு மரம் காய்ந்திருக்க வேண்டும். அது ஒன்று போதும். மெருகு ஏற்றும் நேரத்தில் மழை பெய்கிறதா, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏன் என்று பார்த்தால்தான் கிதாரின் நோய் புரியும்.

முதல் முறை: சூட்டில் உருகும் அரக்கு

அரக்கு ஒரு பூச்சி தருகிற பிசின். பலாசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கொம்பில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி, தன்னைச் சுற்றிச் சுரந்து கட்டிக்கொள்கிற கூடுதான் அது. கொம்போடு ஒடித்து எடுத்தால் கொம்பரக்கு. அதை உடைத்து, கழுவி, துணிப்பையில் போட்டு நெருப்பில் காட்டி உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து, ஆறிய பின் நொறுக்கினால் அவல் போல வரும். அதுதான் அவலரக்கு. இந்தப் பேரை வைத்தவர் யாரோ, பொருளைக் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார்.

கடைசல் பட்டறையில் இந்த அரக்கை வண்ணப் பொடியோடு சூட்டில் பிசைந்து குச்சியாக உருட்டி வைத்துக்கொள்வார்கள். மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு ஓலையை வைத்து அழுத்தினால் பரவிப் பளபளக்கும். கன்னட நாட்டுச் சன்னபட்டணத்தில் இதற்குத் தாழை ஓலைதான். அம்பையில் முன்பு கையால் இழுத்துச் சுற்றிய கடைசல் இப்போது மின்மோட்டாரில் ஓடுகிறது. உராய்வும் சூடும் அதேதான்.

இது ரொம்பப் பழைய வித்தை. கோவாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட தன் பயண நூலில் இதை எழுதியிருக்கிறார். மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்கை அதன்மேல் வைத்து அழுத்த, அது உருகி ஒட்டிக்கொள்கிறது என்று வியந்து சொல்கிறார். நம் கடைசல்காரர் இன்று செய்வதற்கும் அவர் பார்த்ததற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

இந்த முறையில் இல்லாத ஒரு பொருளைக் கவனியுங்கள். கரைப்பான் கிடையாது. ஸ்பிரிட் இல்லை, தின்னர் இல்லை. அரக்கு சூட்டில் இளகியது, ஆறியதும் இறுகியது. இடையில் எதுவும் ஆவியாகிப் போகவில்லை. மரமும் சூடாக இருப்பதால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வந்து படியவும் வழியில்லை. அதனால்தான் ஐப்பசி அடைமழையிலும் சொப்புச் சாமான் பளபளப்பாக வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். ஏற்றும்போது பூக்காதே தவிர, ஏற்றிய பின் அரக்கும் தண்ணீருக்குப் பகைதான். சொப்புச் சாமானைத் தண்ணீரில் ஊறப்போட்டால் வெளுக்கும். சோப்புத் தண்ணீர் இன்னும் மோசம். அரக்கு அமிலத் தன்மை உள்ள பிசின். காரம் பட்டால் கரையவே செய்யும்.

இரண்டாம் முறை: ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு

கடைசலில் உருண்டையான பொருளைத்தான் சுழலவிட முடியும். பெட்டி, மேஜை, வீணைக் குடம், கிதார்ப் பலகை இவற்றை எப்படிச் சுழற்றுவது? தட்டையான மரத்தில் அரக்கைப் பரப்ப வேண்டுமென்றால் அதைத் திரவமாக்க வேண்டும். அரக்கு தண்ணீரில் கரையாது. சாராயச் சத்தில் கரையும். ஐரோப்பியர்கள் அந்த வழியில் போனார்கள்.

1688இல் ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் என்ற இருவர் வார்னிஷ் வேலைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். இந்தியாவிலிருந்து போன அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்துப் பூசும் முறைகள் அதில் வருகின்றன. அவர்கள் தரும் பொது விதிகளில் இரண்டு நமக்கு முக்கியம். வேலை செய்யும் பொருளை எப்போதும் இளஞ்சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. பனிமூட்டமும் குளிரும் உள்ள நாட்டில் இருந்தவர்களுக்கு இந்த அறிவு அனுபவத்தில் வந்திருக்கிறது. காரணத்தை அறிவியல் பின்னால் சொன்னது. விதி அதற்கு முன்பே பட்டறையில் இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே அரக்குக் கரைசலைப் பஞ்சுப் பொதியில் நனைத்து, துணி சுற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றும் முறை பரவியது. அதற்குப் பேர்தான் பிரெஞ்ச் பாலீஷ். நம் ஊர்த் தச்சர்கள் வாயிலும் அதே பேர்தான். ஸ்பெயினில் இன்றைய கிளாசிக்கல் கிதாரின் வடிவத்தைக் கிட்டத்தட்ட முடிவு செய்தவர் அந்தோனியோ தே டோரஸ் (1817–1892). அந்த மரபில் வருகிற கைவினைக் கிதார்களுக்கு இன்றும் உயர்ந்த மெருகு இதுதான். படலம் ரொம்ப மெல்லியது. பலகை அதிர்வதை அமுக்காது. ஆக, உலகத்தின் நல்ல கிதார்கள் பலவற்றின் மேல் பளபளப்பது நம் நாட்டுப் பூச்சியின் உழைப்பு.

ஆனால் ஸ்பிரிட் உள்ளே வந்ததும் தண்ணீரும் கூடவே வந்துவிட்டது. இரண்டு வழியாக.

முதல் வழி, ஸ்பிரிட்டுக்குள்ளேயே. சாதாரண வடிப்பில் எவ்வளவு வடித்தாலும் சாராயச் சத்தை எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக முடியாது. மிச்சம் தண்ணீர். அதோடு ஸ்பிரிட் காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். மூடி திறந்து கிடந்த டப்பாவில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். பூசியதும் ஸ்பிரிட் முந்திப் பறந்துவிடும். கூடுதல் தண்ணீர் பின்தங்கி நிற்கும். அரக்குக்குத் தண்ணீர் பிடிக்காது. கரைசலிலிருந்து பிரிந்து திரிந்துவிடும்.

நம்ம ஊரில் இந்த ஸ்பிரிட்டுக்கு ஒரு அரசியல் வரலாறும் உண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. கள்ளும் சாராயமும் போனதும் குடிப்பவர்களின் கண் தச்சர்களின் பாலீஷ் மேல் விழுந்தது. "வார்னிஷ் குடிச்சுச் செத்தான்" என்ற பேச்சைப் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள். 1959இல் அரசு இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கென்று தனி விதிகளே போட்டது. அந்த விதிகளின் தலைப்பிலேயே 'பிரெஞ்ச் பாலீஷ்' என்ற சொல் இருக்கிறது. ஒரு மெருகின் பேர் மதுவிலக்குச் சட்ட விதியில் ஏறிய கதை இது. நாற்காலிக்கு மெருகு போடுகிற பொருள், உரிமம் கேட்கிற பொருளாக ஆகிவிட்டது.

இரண்டாவது வழி காற்று. இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

நான்கு டிகிரிக் கணக்கு

கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கும். ஆவியாகும் திரவம் தான் இருக்கும் இடத்திலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பூசிய பலகைக்கும் அதேதான் நடக்கிறது. பலகையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். எவ்வளவு குளிர்ந்தால் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும்?

கார்த்திகை மாதம், வெளியே மழை. பட்டறைக்குள் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி படியும். வெறும் நான்கு டிகிரி வித்தியாசம். ஸ்பிரிட் அதைச் சுலபமாகச் செய்துவிடும். இப்போது பங்குனி மாதம் வைத்துப் பாருங்கள். 34 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம். பனி படிய 20 டிகிரி வரை இறங்க வேண்டும். கிட்டத்தட்ட பதினான்கு டிகிரி. ஒரு மெல்லிய பூச்சு அவ்வளவு குளிராது. அதே ஆள், அதே சரக்கு, அதே கை. கார்த்திகையில் வெள்ளை பூத்தது பங்குனியில் பளிங்காக வருகிறது. "கை ராசி" என்று சொல்வதெல்லாம் பல நேரம் காற்றின் ராசிதான்.

படிந்த தண்ணீர் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? அரக்குக்கும் நிறம் பொன்னிறம், தண்ணீருக்கு நிறமே இல்லை. ஆனால் ஒளி அரக்கில் ஒரு விதமாக வளைகிறது, தண்ணீரில் வேறு விதமாக. அரக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளும், துளி காய்ந்து போன பின் மிஞ்சும் நுண்குழிகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. பால் வெள்ளையாக இருப்பதும் மூடுபனி வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பழைய மேஜையில் சூடான காபி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆவி அரக்குப் படலத்துக்குள் புகுந்துகொண்டது.

இதிலிருந்து ஒரு நல்ல சேதி. பூத்தது அழுக்கு இல்லை. மரம் கெடவில்லை, அரக்கும் கெடவில்லை. தண்ணீர் வெளியேறினால் மூட்டம் கலையும். அதனால்தான் புதிதாகப் பூத்த பிரெஞ்ச் பாலீஷை இரண்டு நாள் காய்ந்த காற்றில் சும்மா விட்டாலே பல நேரம் தெளிந்துவிடுகிறது. தெளியாவிட்டால் பஞ்சுப் பொதியைப் புது ஸ்பிரிட்டில் ஈரம் தெரியாத அளவுக்கு நனைத்து, மேலே பட்டும் படாமலும் ஓட்டினால், மேற்படலம் மட்டும் இளகி மூடிக்கொள்ளும். வெயில் நாளில் செய்ய வேண்டும். மழையில் செய்தால் இன்னொரு படலம் வெள்ளைதான் கிடைக்கும்.

மூன்றாம் முறை: வெடிமருந்தின் தம்பி

1846இல் பாசெல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் முக்கி நைட்ரோ செல்லுலோஸைக் கண்டார். அது வெடிமருந்தானது. நீலகிரியில் அரவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் ஆலை செய்ததும் இந்தக் குடும்பத்துச் சரக்கைத்தான். முதல் உலகப் போர் முடிந்ததும் இந்தப் பொருளுக்குப் புது வேலை தேட வேண்டியிருந்தது. 1923இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டூகோ' என்ற பேரில் இதை கார் வண்ணமாகக் கொண்டுவந்தன. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். இது வந்ததும் காத்திருக்கும் காலம் அடியோடு சுருங்கியது. 1920களின் நடுவில் அமெரிக்கக் கிதார்ப் பட்டறைகளும் அரக்கை விட்டு இந்த லாக்கருக்கு மாறின.

அரக்கு விவசாயிகளுக்கு இது சின்ன அதிர்ச்சி இல்லை. கிராமபோன் இசைத்தட்டுக்கு அரக்குதான் என்பதால் தேவை உடனே விழவில்லை. ஆனாலும் 1920களிலேயே ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வைக்க வேண்டிய நிலை வந்தது. செயற்கைப் பிசின்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்த காலம் அது.

நம் ஊரில் "என்.சி. லாக்கர்" என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதே பொருள். துப்பாக்கி போன்ற தெளிப்பானில் வைத்து அடிப்பார்கள். பொதியில் தேய்ப்பதைவிட வேகம். அந்த வேகமே வினையும். தெளிக்கும்போது திரவம் கோடிக்கணக்கான துளிகளாக உடைகிறது. தின்னர் ஸ்பிரிட்டைவிட வேகமாகப் பறக்கிறது. குளிர்ச்சியும் கூடுகிறது. ஈரக் காற்றில் அடித்தால் கண்முன்னே வெள்ளை பூக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றிலேயே தண்ணீர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு வகையும் உண்டு, ஈரத்துக்குச் சம்பந்தமில்லாதது. தின்னர் என்பது ஒரே திரவம் கிடையாது, பல திரவங்களின் கலவை. நைட்ரோ செல்லுலோஸைக் கரைப்பவை சில, அளவைக் கூட்டுவதற்காகச் சேர்ப்பவை சில. மட்டமான தின்னரில் கரைப்பவை முதலில் பறந்துவிட்டால், மிச்சத் திரவத்தில் லாக்கர் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து வெளுக்கும். மழை இல்லாத நாளிலும் வெள்ளை பூத்தால் சந்தேகப்பட வேண்டியது தின்னர் டப்பாவை.

இந்த லாக்கருக்கும் வைத்தியம் பழைய தத்துவம்தான். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கொஞ்சம் சேர்த்தால் மேற்பரப்பு அவ்வளவு குளிராது, தண்ணீர் தப்பிப்போகவும் நேரம் கிடைக்கும். கடையில் 'ரிடார்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பூத்த பிறகும் அதை மெல்லிய பனி போல மேலே தெளித்தால் படலம் மறுபடி இளகித் தெளியும். 1688இல் பொருளைச் சூடாக வை என்றவர்களும், இன்று ரிடார்டர் சேர் என்பவர்களும் சொல்வது ஒன்றேதான். மேற்பரப்பைக் குளிரவிடாதே.

எந்த மூட்டம்?

இதற்குப் பிறகு மெலமைனும் பி.யு.வும் வந்தன. இவை இறுகும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒருதரம் இறுகிவிட்டால் எந்த ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் திரும்ப இளகாது. வலிமை அதிகம். திருத்துவது கஷ்டம். அதனால் கையில் இருக்கும் வாத்தியத்தின் மேல் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிதாரின் கழுத்தடி ஓரம் போல வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். சில நொடியில் பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மசிந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பி.யு. வகை.

அடுத்து, மூட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது? மங்கலான இடத்தில் ஒரு சொட்டு ஒயிட் பெட்ரோல் தடவுங்கள். நனைந்திருக்கும்வரை தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மங்கினால் அது வெறும் மேல்கீறல். தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை பாக்கி, அவ்வளவுதான். நனைத்தாலும் மங்கலாகவே இருந்தால் மூட்டம் படலத்துக்குள்ளே.

உள்ளே என்றால் எப்போது வந்தது என்று கேளுங்கள். பூசிய அன்றே வந்தால் ஈரம். பூசிச் சில வாரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் எழும்பினால், பிரெஞ்ச் பாலீஷில் தேய்ப்பதற்காகத் தொட்ட எண்ணெய் முழுக்க வெளியேறவில்லை. கடைசியில் ஸ்பிரிட் பொதியால் எண்ணெயைத் துடைத்தெடுக்கும் படியை யாரோ சுருக்கியிருக்கிறார்கள். வாசிப்பவரின் முழங்கை படும் இடத்தில் மட்டும் மங்கினால் வியர்வை. படலம் முழுக்க லேசான பனி போல இருந்தால் அரக்கிலுள்ள மெழுகு. சாதாரண அவலரக்கில் சுமார் 5 சதவீதம் மெழுகு இருக்கும். கரைசலைச் சில நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்தால் இது தீரும். கரைத்து ஒரு வருஷம் ஆன பழைய சரக்கு என்றால் அதைக் கொட்டிவிடுவதே நல்லது. அரக்கு ஸ்பிரிட்டோடு மெல்ல வினைபுரிந்து, கடைசிவரை சரியாக இறுகாத படலத்தைத்தான் தரும்.

மரத்தை ஒட்டி, எல்லாப் படலத்துக்கும் அடியில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தால் மேலே என்ன செய்தும் பிரயோசனமில்லை. சீலரைத் தடிமனாக அடித்திருக்கலாம், துளை அடைத்த மாவு காயாமல் மூடியிருக்கலாம், பி.யு. படலம் மரத்தைவிட்டுத் தூக்கியிருக்கலாம். அப்போதுதான் சுரண்டுவது என்ற பேச்சே எடுக்க வேண்டும். அதுவும் அந்த இடத்தோடு.

சுரண்டினால் போவது எது?

வெள்ளை பூத்த வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, "முழுசா எடுத்துட்டு பி.யு. அடிச்சிரலாம், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பதுதான். இருக்கும், பொய் இல்லை. ஆனால் பலகை இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன் உள்ள பொருள். உப்புத்தாள் போட்டு இழைக்கும்போது மெருகோடு மரமும் போகிறது. தடித்த படலம் ஏறியதும் நாதம் மாறுகிறது. வீணைக்கும் வயலினுக்கும் இது பொருந்தும். ஒரு பொதி ஸ்பிரிட்டில், ஒரு வெயில் நாளில் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்துக்கு நூறு வருஷத்து அரக்கை உரித்தெறிந்துவிடுகிறோம். அரக்குக்கு இருக்கும் பெரிய குணமே, புது அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதுதான். பேரன் போடும் பூச்சு தாத்தா போட்ட பூச்சோடு சேரும். பின்னி இறுகிய பிசின்களுக்கு அந்தக் குணம் கிடையாது. அங்கே ஒவ்வொரு பூச்சும் தனித்தனி.

இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரண்டு அறிவும் இருக்கின்றன. தண்ணீரை நாள் பார்த்து ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள் பத்தமடையில். தண்ணீரே நுழையாதபடி அரக்கைச் சூட்டில் ஏற்றத் தெரிந்தவர்கள் அம்பையில். கிதார்க்காரருக்கு இரண்டுமே பாடம். மெருகு போடுவதை மாசி பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். ஆடிக் காற்றில் தூசி பறக்கும், மலையோரச் சாரலும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் போட்டே ஆக வேண்டுமென்றால் மதியம் பன்னிரண்டுக்கு மேல் போடுங்கள், பலகையை முதலில் வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கிவிட்டு.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கிதாருக்குள் துளை வழியாகத் தெரிகிறபடி பேரும் வருஷமும் எழுதிச் சீட்டு ஒட்டுகிறீர்கள் அல்லவா? அதில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். என்ன மெருகு, எந்த மாதம் போட்டது. ஐம்பது வருஷம் கழித்து அது வெள்ளை பூத்தால், யாரோ ஒருவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு ஸ்பிரிட் பொதியை எடுப்பார்.